ரெங்கசாமி கடையில் காணாமல் போன தலைகள்

இலுப்பூர் பக்கம் ஒருவர் இறந்துபோனால் முதல் போன் சொந்தக்காரர்களுக்குப் போகும். அடுத்த போன் ரெங்கசாமிக்கு.

இரண்டு மணி நேரத்துக்குள் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் சுவரில் ஏறிவிட வேண்டும். அதற்குப் படம் வேண்டும். அழுதுகொண்டிருக்கிற வீட்டில் பீரோவைத் திறந்து படம் தேட யாருக்குத் தெம்பு இருக்கும்? கூட்டத்தில் யாராவது ஒருவர் சொல்வார்: "ரெங்கசாமிகிட்ட இருக்கும், ஓடு." நிச்சயம் இருக்கும். ஏனென்றால் இறந்தவர் எப்போதோ ஒரு காதுகுத்துக்குத் தாய்மாமனாகவோ, கோயில் விழாவுக்குக் கமிட்டி உறுப்பினராகவோ ஒரு பிளக்ஸ் பேனரில் சிரித்திருப்பார். அந்தப் பேனரை ரெங்கசாமிதான் செய்திருப்பார்.

பஸ் ஸ்டாண்டை ஒட்டி உரக்கடைக்குப் பக்கத்தில் இருக்கிறது அவர் கடை. பெயர் பிரகதி டிசைன்ஸ், மனைவி பிரகதீஸ்வரியின் பெயர். பெயர்களையும் வாசகங்களையும் பிரகதீஸ்வரி டைப் அடிப்பார், படங்களை ரெங்கசாமி பார்த்துக்கொள்வார். வேலை முடிந்ததும் புதுக்கோட்டையில் உள்ள ஒரு பிரஸ்ஸுக்கு அனுப்பினால் சாயங்காலப் பஸ்ஸில் பேனர் சுருண்டு வந்து இறங்கும். பதினோரு வருடமாக இதுதான் பிழைப்பு.

அவருடைய கம்ப்யூட்டரில் 'தலை' என்று ஒரு ஃபோல்டர் இருந்தது. பேனருக்கு வருகிற ஒவ்வொருவரின் படத்திலிருந்தும் பின்னால் இருக்கிற சுவர், கொடி, பக்கத்து ஆளின் தோள் எல்லாவற்றையும் நீக்கி, தலையை மட்டும் சுத்தமாக வெட்டி எடுத்து அதில் போட்டு வைப்பார். அன்னவாசல், விராலிமலை, கொடும்பாளூர் என்று ஊர் வாரியாகப் பிரித்து எண் போட்டிருப்பார். ஆறாயிரத்துக்கும் மேல் தலைகள். பிளஸ் டூவில் நான் பள்ளியில் முதலாவதாக வந்தபோது அடித்த பேனரிலிருந்து எடுத்த என் தலையும் அதில்தான் இருந்தது. ரெங்கசாமி அண்ணனுக்குப் பெயர்கள் மறந்துவிடும், முகங்கள் மறக்காது. சந்தையில் யாரையாவது பார்த்தால், "அன்னவாசல் நாப்பத்தியேழு போறாரு பாரு" என்பார்.

"என்னைய எந்த ஃபோல்டர்ல வச்சிருக்கீங்க?" என்று பிரகதீஸ்வரி ஒருமுறை கேட்டிருக்கிறார்.

"ஒன்ன எதுக்கு வெட்டணும்? முழுசாத்தான் எதிர்ல ஒக்காந்திருக்கியே."

இப்படிப்பட்ட மனிதருக்குத்தான் அது நடந்தது. நான் கேட்கக் கேட்க அவரே சொன்னார். சொல்லும்போதெல்லாம் என்னைப் பார்க்காமல் கீபோர்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆவணி மாதம், முகூர்த்தங்கள் வரிசையாக வருகிற நேரம். ஒரு திங்கட்கிழமை காலை மாப்பிள்ளையின் நண்பர்கள் நாலு பேர் வந்து செல்போனில் ஒரு பேனரைக் காட்டினார்கள். "அண்ணே, எழுத்து இதே மாதிரி வேணும். தீ பத்தி எரியிற மாதிரி இருக்கு பாருங்க, அதே எழுத்து."

அந்த எழுத்து ரெங்கசாமியிடம் இல்லை. இல்லை என்று சொல்லிப் பழக்கமும் இல்லை. டிசைனர்கள் சேர்ந்திருக்கிற வாட்ஸ்அப் குழுவில் கேட்டார். முன்பின் தெரியாத ஒரு நம்பரிலிருந்து லிங்க் வந்தது. இறக்கினால் உள்ளே ஒரு குறிப்பு இருந்தது: நிறுவுவதற்கு முன் ஆன்டிவைரஸை அணைத்துவிடவும்.

இதைப் படித்ததும் யாருக்காவது சந்தேகம் வர வேண்டும் அல்லவா? பேனர் கடைக்காரர்களுக்கு வராது. அவர்கள் வேலை செய்கிற மென்பொருளே பெரும்பாலும் பூட்டு உடைத்த திருட்டுப் பிரதிதான், அதைப் போடும்போதும் இதே குறிப்புதான் இருக்கும். எழுத்துரு வந்தாலும் அணை, பிரஷ் வந்தாலும் அணை. கடையில் ஊதுவத்தி ஏற்றுவதுபோல அது ஒரு சடங்காகவே ஆகிவிட்டிருந்தது. ரெங்கசாமி அணைத்தார். இரண்டு தடவை தட்டினார். ஒன்றும் நடக்கவில்லை.

"டூப்பு" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார்.

திரும்பி வந்தபோது பிரகதீஸ்வரி நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டு எழுந்து நின்றிருந்தார். "என்னங்க இது, படமெல்லாம் வெள்ளைக் காயிதமா மாறிக்கிட்டே போகுது."

ஒவ்வொரு படத்தின் பெயருக்குப் பின்னாலும் ஏதோ புரியாத எழுத்துகள் ஒட்டிக்கொண்டிருந்தன. ஒவ்வொரு ஃபோல்டரிலும் ஒரு ஆங்கிலக் கடிதம்: உங்கள் கோப்புகளைப் பூட்டிவிட்டோம், சாவி வேண்டுமானால் டாலரில் கட்டுங்கள். ரெங்கசாமி பிளக்கைப் பிடுங்கினார். பிறகு மேசைக்கடியில் பார்த்தார். எல்லாவற்றுக்கும் ஒரு நகல் வைத்திருந்த தனி ஹார்ட் டிஸ்க், எப்போதும்போல் ஒயரோடு கம்ப்யூட்டரிலேயே மாட்டிக் கிடந்தது. அதிலும் எல்லாம் போயிருந்தது.

முதலில் தனக்குப் பயமே வரவில்லை என்றார். வெட்கம்தான் வந்ததாம்.

கடைச் சுவரில் அவரே ஒட்டிய காகிதம் ஒன்று உண்டு: 'வைரஸ் உள்ள பென்டிரைவைக் கொடுக்காதீர்கள்'. யார் பென்டிரைவ் நீட்டினாலும் இரண்டு விரலால் வாங்கி, "எங்கிட்டு எங்கிட்டுல்லாம் சொருகிட்டு வந்தியோ, என் சிஸ்டத்துக்கு சீக்க ஏத்திவிட்றாத" என்று நாலு பேர் முன்னால் நக்கலடிப்பார். அந்த வாயை வைத்துக்கொண்டு இப்போது ஊருக்கு என்ன சொல்வது? ஷட்டரைப் பாதி இறக்கினார். 'சிஸ்டம் சர்வீசுக்குப் போயுள்ளது' என்று எழுதி ஒட்டினார். சுவரில் இருந்த பழைய காகிதத்தைக் கிழித்துப் பையில் போட்டுக்கொண்டார்.

"உள்ளதச் சொல்லிருங்க" என்றார் பிரகதீஸ்வரி.

"சொன்னா நாளைக்கு நம்ம கடைப் படியில யாரு கால வைப்பா?"

"இப்ப மட்டும் வச்சா என்ன குடுக்கப் போறீங்க, வெள்ளைக் காயிதமா?"

அந்தக் கல்யாண வேலையை வேறொரு பேனர் கடைக்குத் தள்ளிவிட்டார். வீடியோக்களைப் பார்த்துப் பார்த்து ஏதேதோ இலவச வைரஸ் மருந்துகளை இறக்கிப் போட்டார். ஒரு தலையும் திரும்பவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் பாதி ஷட்டருக்குக் கீழே குனிந்து ஒருவர் உள்ளே வந்தார். கொடும்பாளூர்ப் பக்கத்து முத்துராஜ். கண் சிவந்திருந்தது.

"எங்க மச்சான் போயிட்டாருப்பா. பிச்சை. காலைல ஆடு பத்திக்கிட்டுப் போன எடத்துல நெஞ்சப் புடிச்சிக்கிட்டு ஒக்காந்தாரு, அம்புட்டுதான். ஒங்கிட்ட படம் இருக்காம்ல, அக்கா சொல்லிவிட்டுச்சு."

ரெங்கசாமிக்கு அந்தப் படம் நன்றாக ஞாபகம் இருந்தது. மூன்று வருடத்துக்கு முன்னால் அவர்கள் ஊர் அம்மன் கோயில் கும்பாபிஷேகத்துக்குப் பன்னிரண்டு கமிட்டிக்காரர்கள் தலையோடு ஒரு பேனர் செய்தார். பதினோரு பேர் படம் அனுப்பினார்கள். பிச்சையிடம் கொடுக்கிற மாதிரி ஒரு படம் இல்லை. மனைவி முத்தாள் அவரை நேரே கடைக்கு அழைத்து வந்துவிட்டார். பிச்சைக்கு ஒரு வினோதம், கேமராவில் வெளிச்சம் அடித்தால் கண்ணை மூடிவிடுவார். மகள் இளமதியின் கல்யாண ஆல்பத்தில் முப்பது படத்திலும் கண்ணை மூடிக்கொண்டே இருக்கிறாராம். அதனால் ரெங்கசாமி அவரை வாசல் வெளிச்சத்தில் உட்கார வைத்தார்.

"எத்தன ஆடு வச்சிருக்கீங்க?"

"முப்பத்திரெண்டு."

"அதுல ஒங்க பேச்சக் கேக்குறது எத்தன?"

பிச்சை ஓரக்கண்ணால் மனைவியைப் பார்த்தார். "வீட்டுல உள்ளதையும் சேத்தா, ஒன்னுகூட இல்லப்பா." சொல்லிவிட்டுக் கண் நிறையச் சிரித்தார். ரெங்கசாமி அந்த நொடியைப் பிடித்துவிட்டார். முத்தாள் கம்ப்யூட்டர் திரையைப் பார்த்துவிட்டு, "தம்பி, இதுல எனக்கு ஒரு காப்பி போட்டுக் குடு" என்று கேட்டார். ரெங்கசாமி சொன்னார்: "எதுக்கு ஆத்தா? வீட்டுல வச்சா கரையான் அரிக்கும். இங்க பத்திரமா இருக்கும், எப்ப வேணும்னாலும் வாங்க."

இப்போது முத்துராஜ் போனை நீட்டினார். "அக்கா பேசுது."

"தம்பி..." என்றது அந்தக் குரல். பின்னால் ஒப்பாரி கேட்டது. "அந்தச் சிரிச்ச படம்பா. நீ எடுத்தியே, அது."

பிரகதீஸ்வரி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். ரெங்கசாமி சுவர் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"ஆத்தா... ஒரு வருசத்துக்கு மேல நாங்க எதையும் வச்சுக்கிறதில்ல ஆத்தா. அழிச்சிருவோம்."

அந்தப் பக்கம் முத்தாள் மூக்கைச் சிந்தினார்.

"சரிப்பா. ஒன்னச் சொல்லி என்ன செய்ய. நாந்தான் அன்னிக்கே கையோட ஒரு காப்பி வாங்கியிருக்கணும். புத்தி கெட்ட பொம்பள. ஒன்னையப் போட்டுத் தொந்தரவு பண்ணிட்டேன்."

திட்டியிருந்தால் அன்றைக்குச் சோறு இறங்கியிருக்கும் என்றார் ரெங்கசாமி அண்ணன். அந்த அம்மாள் தன்னையே திட்டிக்கொண்டதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. முத்துராஜ் வெளியே போனதும் பிரகதீஸ்வரி, "அழிச்சிருவோமா? பதினோரு வருசத்துல ஒரு தலைய அழிச்சிருக்கீங்களா நீங்க?" என்று மட்டும் கேட்டுவிட்டு, டிபன் கேரியரை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

அதற்குப் பிறகும் பத்து நாளுக்கு மேல் அந்த இலவச மருந்துகளோடு மல்லுக்கட்டினார். பிச்சை இறந்த பதின்மூன்றாம் நாள் வியாழக்கிழமை, கம்ப்யூட்டரை ஒரு போர்வையில் சுற்றித் திருச்சிக்குப் பஸ் ஏறினார். உள்ளூரில் காட்டினால் தெரிந்துவிடுமே!

விராலிமலை பஸ் ஸ்டாண்டில் பஸ் நின்றபோது ஜன்னலுக்கு நேரே அந்தப் போஸ்டரைப் பார்த்தார். கண்ணீர் அஞ்சலி, பிச்சை. கீழே இருந்தது ஆதார் அட்டைப் படம். பெரிதாக்கியதில் முகம் கட்டம் கட்டமாக உடைந்திருந்தது. கன்னம் ஒட்டி, கண் எங்கோ வெறித்து, ஏதோ குற்றம் செய்து பிடிபட்ட ஆள்மாதிரி இருந்தார். பஸ் கிளம்பும்வரை ரெங்கசாமி அந்தப் பக்கம் திரும்பவில்லை.

திருச்சியில் சர்வீஸ் பார்க்கும் வசந்தகுமாருக்கு முப்பது வயதுதான் இருக்கும். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அண்ணே, ஆன்டிவைரஸ ஆஃப் பண்ணுன்னு திருடனே எழுதிக் குடுத்திருக்கான். நீங்களும் பண்ணியிருக்கீங்க."

"எப்பவும் அப்பிடித்தான் தம்பி பண்ணுவோம்."

"நல்லாருக்கு. காவலுக்கு நாய் வளக்குறது, களவாணி வந்து 'நாயக் கட்டுங்க'ன்னா கட்டிப் போடுறது."

பூட்டப்பட்ட படம் ஒன்றையும் அந்தக் கடிதத்தையும் வேறொரு கம்ப்யூட்டரிலிருந்து ஒரு இணையதளத்தில் ஏற்றிப் பார்த்தார். இந்த வகைப் பூட்டுக்கு இலவசச் சாவி இன்னும் யாரும் கண்டுபிடிக்கவில்லை என்று வந்தது. "காசு மட்டும் கட்டிராதீங்க. கட்டுனாலும் சாவி தருவான்னு ஒரு உத்தரவாதமும் கெடையாது" என்றார். பழைய டிஸ்க்கைக் கழற்றி, தேதி எழுதி ஒட்டி, ரெங்கசாமி கையில் கொடுத்தார். "இத அழிக்காதீங்க, எதுலயும் மாட்டாதீங்க. பீரோவுல கெடக்கட்டும். ரெண்டு வருசம் கழிச்சுக்கூடச் சில நேரம் சாவி வெளிய வரும்." புது டிஸ்க் போட்டு முறையான விண்டோஸை ஏற்றினார். ரெங்கசாமியின் செல்போனிலேயே மெயில், வங்கி, வாட்ஸ்அப் எல்லாவற்றுக்கும் பாஸ்வேர்டை மாற்றச் சொன்னார். "படத்தப் பூட்டுனவன் பாஸ்வேர்டையும் அள்ளிக்கிட்டுப் போயிருப்பான்" என்றார்.

"எதுவுமே மிஞ்சாதா தம்பி?"

"கம்ப்யூட்டர்லயே தேடாதீங்க. அதுலேருந்து வெளிய போனது எங்கெங்க இருக்குன்னு யோசிங்க. பிரஸ்ஸுக்கு எப்பிடி அனுப்புவீங்க?"

"மெயில்ல."

அனுப்பிய மெயில்களைத் திறந்தார்கள். கடந்த ஒரு வருடப் பேனர்கள் எல்லாம் அப்படியே வந்து நின்றன. ரெங்கசாமிக்கு அழுகையே வந்துவிட்டது. ஆனால் அதற்கு முந்தையது ஒன்றும் இல்லை. மெயிலில் இடம் நிறைந்துவிட்டது என்று எச்சரிக்கை வந்ததும் பெரிய மெயில்களையெல்லாம் தேடித் தேடி அழித்தவர் அவரேதான். கேமராவின் மெமரி கார்டிலிருந்து சில நூறு படங்கள் மீண்டன. அவையும் சமீபத்தில் எடுத்தவை. பிச்சை எதிலும் இல்லை.

திரும்பும்போது விராலிமலை தாண்டி ஒரு வயல் ஓரத்தில் வைக்கோல் போர் இருந்தது. அதன்மேல் பழைய பேனரைப் போர்த்திக் கயிறு கட்டியிருந்தார்கள். ஒரு மாப்பிள்ளை தலைகீழாகச் சிரித்துக்கொண்டிருந்தார். 'விராலிமலை இருபத்தியொன்னு' என்று ரெங்கசாமியின் வாய் முணுமுணுத்தது. அவர் செய்த பேனர்தான் அது. பஸ் அதைத் தாண்டிய பிறகு அவர் இருக்கையிலிருந்து எழுந்தேவிட்டார்.

எங்கள் மாவட்டத்தில் விழா முடிந்ததும் பேனரை யாரும் எறிய மாட்டார்கள். மழைக்கு ஒழுகாத நல்ல படுதா அது. வைக்கோல் போருக்கு, மோட்டார் ரூமுக்கு, குளிக்கிற மறைப்புக்கு என்று ஆளுக்கு ஒரு துண்டு எடுத்துக்கொள்வார்கள். அவர் வெட்டிய தலைகளெல்லாம் ஊர் ஊராக, கூரை கூரையாக வெயிலில் காய்ந்துகொண்டிருந்தன. அந்தக் கும்பாபிஷேகப் பேனர் எங்கே இருக்கும்? முத்தாளிடம்தான் கேட்க வேண்டும். கேட்க வேண்டுமென்றால் பொய் சொன்னதைச் சொல்ல வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை பதினாறாம் நாள் கருமாதி. படையல் போடுகிற இடத்தில் படம் வைப்பார்கள். எந்தப் படம் வைப்பார்கள் என்பதும் அவருக்குத் தெரியும்.

வெள்ளிக்கிழமை காலை வண்டியை எடுத்துக்கொண்டு, மூவர் கோயிலைத் தாண்டி, முத்தாள் வீட்டு வாசலில் போய் நின்றார். முத்துராஜ் பந்தலுக்குக் கொம்பு ஊன்றிக்கொண்டிருந்தார். முத்தாள் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தார்.

"வா தம்பி" என்றார். "துக்கம் கேக்க வந்தியா? வேலை வெட்டியெல்லாம் விட்டுட்டு."

அந்த மரியாதை ரெங்கசாமியைக் குத்தியது. நின்றுகொண்டே சொன்னார். "ஆத்தா, ஒங்ககிட்ட நான் பொய் சொல்லிட்டேன். படத்த நான் அழிக்கல. எங்கிட்டதான் இருந்துச்சு. என் தப்பால கம்ப்யூட்டர்ல வைரஸ் ஏறி எல்லாம் போச்சு. அதச் சொல்ல அசிங்கப்பட்டுக்கிட்டு அழிச்சிட்டேன்னு சொன்னேன்."

முத்தாளுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. முத்துராஜுக்கு உடனே புரிந்துவிட்டது. கடப்பாரையைக் கீழே போட்டார்.

"யோவ்! எங்க மச்சானப் போலீசு தேடுற ஆளு மாதிரி செவுத்துல ஒட்டிருக்கோம்யா. பஸ் ஸ்டாண்டுல ஒருத்தன் எங்கிட்டயே கேக்குறான், 'யாருங்க இது, என்ன களவாண்டாரு'ன்னு!"

"நீ சும்மா இரு" என்றார் முத்தாள். ரெங்கசாமியை நிமிர்ந்து பார்த்தார். "ஏம்ப்பா, நான் என்னையத்தான திட்டிக்கிட்டேன் அன்னிக்கு. நீ கேட்டுக்கிட்டுத்தான இருந்தே?"

"ஆமா ஆத்தா."

"பதினாலு நாளா திட்டிக்கிட்டு இருக்கேன்."

ரெங்கசாமி தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "அந்தக் கும்பாபிசேகப் பேனர் எங்க ஆத்தா இருக்கு? கெடைச்சா அதுலேருந்து மூஞ்சிய எடுத்துரலாம்."

முத்தாளின் முகம் மாறிய விதத்தை அவர் எனக்கு விவரிக்க முயன்றார், முடியவில்லை.

"அதுலேருந்து எடுக்கலாமா?"

"எடுக்கலாம்."

"எந்திரிச்சு வா" என்றவர் முன்னால் நடந்தார். வீட்டுக்குப் பின்னால் ஆட்டுக்கொட்டகை. இடுப்பளவுதான் உயரம். ரெங்கசாமி முதுகை வளைத்து, முழங்காலில் கை ஊன்றி உள்ளே நுழைந்தார். முத்தாள் கையை மேலே காட்டினார்.

கூரையின் உட்பக்கத்தில் பன்னிரண்டு கமிட்டிக்காரர்களும் ஆடுகளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். புகையும் தூசியும் படிந்திருந்தன. ஆனால் வெயில் படாததால் நிறம் வெளுக்கவே இல்லை. இரண்டாம் வரிசை ஓரத்தில் பிச்சை, கண்ணைத் திறந்துகொண்டு இருந்தார்.

"மூஞ்சி மழையில நனைஞ்சா நல்லாருக்காதுன்னு அந்த மனுசந்தான் உள்பக்கமா திருப்பிக் கட்டுனாரு" என்றார் முத்தாள். "தெனமும் ஆட்ட அவுத்துவிட வரும்போது இவரு மூஞ்சிலதான் முழிக்கிறேன். அவரு செத்த அன்னிக்குக்கூட இங்க வந்து பாத்துட்டுத்தான் போனேன். ஆட்டுக் கூரையில கெடக்குற படத்துலேருந்து இன்னொரு படம் எடுக்கலாம்னு எனக்கு என்னப்பா தெரியும்? நீ சொன்னாத்தான தெரியும்? அன்னிக்குப் போன்ல, 'ஆத்தா, கம்ப்யூட்டர் கெட்டுப்போச்சு, பேனர் இருக்கா'ன்னு ஒரு வார்த்த கேட்டிருந்தா?"

கேட்டிருந்தால் அன்று சாயங்காலமே பிச்சை சிரித்துக்கொண்டு சுவரில் ஏறியிருப்பார். வைரஸ் எடுத்துக்கொண்டது கம்ப்யூட்டரில் இருந்த படத்தைத்தான். அந்த அம்மாளிடமிருந்து படத்தைப் பறித்தது அவர் சொன்ன ஒற்றைப் பொய். குனிந்த நிலையிலேயே ரெங்கசாமி இதைப் புரிந்துகொண்டார். நிமிர இடமும் இல்லை.

முத்துராஜ் முணுமுணுத்துக்கொண்டே கயிற்றை அறுத்தார். பேனரை வேப்பமர நிழலில் கட்டிலில் விரித்து ரெங்கசாமி ஈரத்துணியால் துடைத்தார். பிச்சையின் காது வழியாக ஒரு மடிப்பு ஓடியது. சட்டைக் காலரின் ஒரு பக்கத்தை ஏதோ ஆடு எட்டித் தின்றிருந்தது.

"பேச்சக் கேக்காததுல அதுவும் ஒன்னு" என்றார் முத்தாள். சொன்ன பிறகு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்.

நேராக, சாய்வாக, கிட்டத்திலிருந்து என்று ஐம்பது அறுபது படங்கள் எடுத்தார். கிளம்பும்போது முத்தாள் இரண்டு விஷயம் சொன்னார். "வெள்ளச் சட்டையெல்லாம் மாட்டிவிடாத. அந்தக் கட்டம் போட்ட சட்டதான் அவரு." அடுத்தது, "எங்கிட்ட வந்து சொல்லிட்டே. மத்த வீட்டுல சாவு விழுந்தா அவுகளும் ஒங்கிட்டத்தான வருவாக? அவுகளுக்கு எப்பச் சொல்லப் போறே?"

அந்தக் கேள்வியோடு வீட்டுக்கு வந்தவர் பிரகதீஸ்வரியைக் கடைக்கு அழைத்துப்போய் உட்கார வைத்து ஒரு வாசகம் டைப் அடிக்கச் சொன்னார். சனிக்கிழமை காலை பிரகதி டிசைன்ஸ் வாசலில் ஒரு பேனர் தொங்கியது. 'உங்கள் படங்கள் என்னிடம் பத்திரமாக இருக்கும் என்று சொல்லியிருந்தேன். என் தவறால் பழைய படங்கள் எல்லாம் போய்விட்டன. உங்கள் வீட்டில் நான் செய்த பழைய பேனர் எந்த நிலைமையில் இருந்தாலும் சொல்லுங்கள். நானே வந்து படம் எடுத்துக் காப்பி தருகிறேன். மன்னிக்கவும். ரெங்கசாமி.' பக்கத்தில் அவருடைய படம்.

உரக்கடைக்காரர் ஓடி வந்தார். "ஏய், என்னப்பா! தூரத்துலேருந்து பாத்துட்டு நீதான் போயிட்டியோன்னு பதறிட்டேன்."

"பாதி போன மாதிரிதாண்ணே."

அன்று முழுக்கக் கடை வாசலில் ஆட்கள் நின்று நின்று படித்துவிட்டுப் போனார்கள். சிலர் சிரித்தார்கள். ஒருவர் வேண்டுமென்றே தன் பென்டிரைவை இரண்டு விரலால் பிடித்து நீட்டி, "இத ஒன் சிஸ்டத்துல போடலாமா, இல்ல எனக்குச் சீக்கு ஏறிருமா?" என்று கேட்டார். ரெங்கசாமி தலை குனிந்தபடி வாங்கிக்கொண்டார். என் அம்மா அதைப் படித்துவிட்டு வீட்டுக்கு வந்து பரணில் ஏறி, அரிசி மூட்டைக்கு அடியில் விரித்திருந்த என் பிளஸ் டூ பேனரை இழுத்துப் போட்டார். நானே அதைச் சுருட்டிக்கொண்டு கடைக்குப் போனேன். அப்படித்தான் இந்தக் கதை எனக்குக் கிடைத்தது.

அன்றைக்கே புது டிஸ்க்கில் அவர் மீட்ட முதல் தலை பிச்சை. காதில் ஓடிய மடிப்பை எடுத்தார். நல்ல பக்கத்துக் காலரைத் திருப்பி, தின்னப்பட்ட பக்கத்தில் பொருத்தினார். முகத்தை வெளுக்கவில்லை. பிரகதீஸ்வரி பின்னால் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். அன்று டிபன் கேரியர் கடைக்குத் திரும்பி வந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை பந்தலில் கூட்டம். ரெங்கசாமி சட்டமிட்ட படத்தைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு ஓரமாகப் போனார். திருப்பூரிலிருந்து வந்திருந்த மகள் இளமதிதான் அதை வாங்கிப் பிரித்தார்.

"அம்மா, இங்க பாரு. அப்பா கண்ணத் தொறந்திருக்காரு."

இதை எழுதும்போதுகூட எனக்கு இந்த இடத்தில் கை நின்றுவிடுகிறது.

முத்தாள் படத்தை மடியில் வைத்துக்கொண்டு விரலால் தடவினார். ரெங்கசாமி யாரும் கேட்காமலேயே சொன்னார். "காலர்ல ஒரு பக்கம் மட்டும் நான் ஒட்டுனது ஆத்தா. ஆடு தின்ன எடம்."

"அத எதுக்குப்பா இப்ப சொல்றே?"

"சொல்லிரணும்ல."

முத்தாள் அவரை ஏற இறங்கப் பார்த்தார். மன்னித்த மாதிரியும் இல்லை, கோபத்திலும் இல்லை. சந்தையில் ஆட்டின் பல்லைப் பார்ப்பதுபோலப் பார்த்தார் என்றார் ரெங்கசாமி அண்ணன். படம் படையலுக்கு முன்னால் போனது. கமிட்டிக்காரர்கள் சிலர், "எங்க தலையையும் ஆட்டுக்கிட்டேருந்து மீட்டுக் குடுப்பா" என்று அவரைச் சீண்டினார்கள். சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னார்கள். பந்தியில் அவரால் தலை நிமிர்ந்து சாப்பிட முடியவில்லை, எதிரே படையலுக்கு முன்னால் பிச்சை சிரித்துக்கொண்டிருந்தார்.

கிளம்பும்போது முத்தாள் வாசல்வரை வந்தார்.

"இதுல எத்தன காப்பி போட்டே?"

"இந்த ஒன்னுதான் ஆத்தா."

"இன்னும் ரெண்டு போடு. இது வீட்டுல இருக்கட்டும். ஒன்னு எம்மக கொண்டுக்கிட்டுப் போகட்டும். ஒன்னு டிரங்குப் பொட்டியில கெடக்கட்டும், கரையான் அரிச்சா அரிச்சிட்டுப் போகுது."

"சரி ஆத்தா." வண்டியை எடுக்கப் போனவர் தயங்கினார். "எங்கிட்ட...?"

முத்தாள் கொஞ்சம் யோசித்தார்.

"இருக்கட்டும்" என்றார். "ஒங்கிட்டயும் இருக்கட்டும். நாலாவதா."